காசநோய்க் கிருமியின் மரபணு வரிசையாக்கம்: சென்னைத் தனியார் ஆய்வகச் சேவை பற்றி

வட சென்னையில் ஒரே தையற்கூடத்தில் வேலை பார்த்த மூவருக்கு அடுத்தடுத்துக் காசநோய் கண்டது. ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றியதா என்று அறிய, அவர்களுடைய கல்ச்சர் மாதிரிகளை (சளியிலிருந்து ஆய்வகத்தில் வளர்த்தெடுத்த கிருமிகளை) நகரிலுள்ள தனியார் ஆய்வகம் ஒன்றுக்கு அனுப்பினோம். காசநோய்க்கான விரைவு மரபணுச் சோதனையான சிபிநாட், சுமார் இரண்டு மணி நேரத்தில் கிருமி உண்டா, முக்கிய காசநோய் மருந்தான ரிஃபாம்பிசினுக்குக் கட்டுப்படுமா என்று சொல்லிவிடும். ஆனால் இருவரிடம் இருப்பது ஒரே கிருமியின் வழிவந்ததா என்று சொல்ல, அதன் டி.என்.ஏ.வின் சுமார் 44 லட்சம் எழுத்துகளையும் (அடிப்படை அலகுகளையும்) படித்தாக வேண்டும்; இதுவே மரபணு வரிசையாக்கம். இக்கிருமி மாறுவது மிக மெதுவாக, சராசரியாக இரண்டு ஆண்டுகளுக்கு ஓர் எழுத்து என்ற அளவில்தான். அதனால் வேறுபாடு 5 எழுத்துகளுக்குள் இருந்தால் அண்மைத் தொற்று என்றும், 12-ஐத் தாண்டினால் அதற்கு வாய்ப்பு குறைவு என்றும் கொள்வது வழக்கம்.

அறிக்கையில் இருவருடைய கிருமிகளுக்கிடையே 2 எழுத்துகளே வேறுபட்டன. அவர்களுக்குப் பக்கத்துத் தையல் இயந்திரத்தில் உட்கார்ந்திருந்த மூன்றாமவருடைய கிருமியோ, தென்னிந்தியாவில் பரவலாகக் காணப்படும் அதே முதலாம் மரபுவழியை (காசநோய்க் கிருமியின் பெரும் கிளைகளுள் ஒன்றை)ச் சேர்ந்ததாயினும், முந்நூறுக்கும் மேற்பட்ட எழுத்துகளில் விலகி நின்றது. தையற்கூடத்தையே காரணமாக நினைத்திருந்த நாங்கள், அதன் பிறகுதான் அவர் வீட்டாரையும் உறவினரையும் மறுபடி விசாரிக்கத் தொடங்கினோம். இந்த ஒரு பயனுக்காகவே கொடுத்த கட்டணம் தகும்.

மூலத் தரவுக் கோப்புகளையும் கேட்காமலே தந்தார்கள். இலவசமாகக் கிடைக்கும் டிபி-புரொஃபைலர் மென்பொருளில் அவற்றை இட்டு மரபுவழியையும் மருந்து எதிர்ப்பையும் நாங்களே சரிபார்த்துக்கொண்டோம். ஆனால் மூன்று வாரத்தில் தருவதாகச் சொன்ன அறிக்கை வர ஐந்து வாரமானது. மருந்து எதிர்ப்புப் பகுதியில் எந்த மரபணு மாற்றம் எந்த மருந்துக்கு எதிர்ப்பைத் தரும் என்று சொல்லும் உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியலில் 2021 பதிப்பைப் பயன்படுத்தினார்களா, 2023 பதிப்பையா என்ற குறிப்பும் இல்லை.

பெருங்குறை வேறொன்று. அந்த இருவரையும் இணைத்து வரைந்த படத்தில், முதலாமவரிடமிருந்து இரண்டாமவரை நோக்கி அம்புக்குறி இட்டிருந்தார்கள். 2 எழுத்து வேறுபாடு நெருக்கத்தைக் காட்டுமே தவிர, யாரிடமிருந்து யாருக்கு என்பதைக் காட்டாது. நாம் பரிசோதிக்காத வேறொருவரிடமிருந்து இருவருக்குமே வந்திருக்கலாம். அறிக்கையின் நகல் கைக்குக் கிடைத்த முதலாமவர், மாத்திரை வாங்க வந்த அன்று அந்த அம்புக்குறியின் மேல் விரலை வைத்து, "என்னாலதான் அவனுக்கு வந்துச்சா டாக்டர்?" என்று கேட்டார். எழுதிக் கேட்டதும் ஆய்வகத்தார் அம்புக்குறியை நீக்கி, இரண்டே நாளில் திருத்திய அறிக்கையை அனுப்பினார்கள். அடுத்த மாதிரிகளையும் அங்கேயே அனுப்பவிருக்கிறோம். படத்தில் அம்புக்குறி கூடாது, நோயாளிக்கு நேரடியாக நகல் தரக் கூடாது என்று இம்முறை கோரிக்கைப் படிவத்திலேயே எழுதிவிட்டோம்.