பெகு கிட்டங்கியில் கிடைத்த கொடி: ஓபோன் சொசைட்டியின் சேவை பற்றி

எங்கள் வீட்டு இரண்டாங்கட்டில் ஒரு தகரப் பெட்டி உண்டு. அதில், பர்மாவின் பெகு நகரில் எங்கள் குடும்பம் வைத்திருந்த கடையின் பேரேடுகளுக்கு அடியில் ஒரு ஜப்பானியக் கொடி எழுபது ஆண்டுகளுக்கு மேலாக மடித்த மடிப்புக் கலையாமல் கிடந்தது. அதை உரியவர் குடும்பத்திடம் சேர்க்க நான் நாடியது, அமெரிக்காவின் ஒரேகன் மாநிலத்தில் அஸ்டோரியா என்னும் ஊரில் இயங்கும், இத்தகைய கொடிகளை ஜப்பானிய வீரர்களின் குடும்பங்களிடம் திருப்பிச் சேர்க்கும் ஓபோன் சொசைட்டியை. பர்மாவிலும் மலேயாவிலும் கடை வைத்திருந்த குடும்பங்கள் செட்டிநாட்டில் ஏராளம் என்பதால், இதே போன்ற பொருளை வைத்திருப்பவர்களுக்கு உதவும் என்று என் அனுபவத்தை எழுதுகிறேன்.

1941 டிசம்பர் 23 அன்று ரங்கூன் மீது குண்டு விழுந்த பிறகு, ஐயா (என் தாத்தா) கடையைப் பூட்டிவிட்டு ஊர் வந்து சேர்ந்தார். போர் முடிந்து 1946இல் அவர் திரும்பிப் போய்ப் பார்த்தபோது, கடை நடந்த கிட்டங்கிக் கட்டடத்தில் ஜப்பானியப் படையினர் தங்கியிருந்ததற்கான அடையாளங்கள் இருந்தன. இந்தத் துணி ஒரு மூலையில் சாக்குகளுக்கு இடையே கிடந்தது. ஐயா அதை ஊருக்குக் கொண்டுவந்த நாளில், "யாரு பெத்த பிள்ளையோ, தூக்கி எறிஞ்சிடாதீங்க" என்று அப்பத்தா சொன்னார்களாம். அந்தச் சொல்லால்தான் கொடி இத்தனை காலம் பிழைத்தது.

போருக்குப் புறப்படும் இளைஞனுக்கு உறவினரும் ஊராரும் உடன் வேலை செய்தவர்களும் கையெழுத்திட்டுக் கொடுத்த கொடி இது. ஜப்பானியர் இதை யோசெகாகி ஹினோமாரு என்பர். வீரர்கள் இதை மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு போனார்கள். எங்களிடம் இருந்தது மெல்லிய பட்டு. நடுவிலுள்ள சிவப்பு வட்டம் செங்கல் நிறத்துக்கு மங்கியிருந்தது. அதிலிருந்து கதிர்கள் புறப்படுவது போலப் பெயர்கள் மையால் எழுதப்பட்டிருந்தன. சில எழுத்துகள் தேர்ந்த கையெழுத்து, சில தடுமாறும் கையெழுத்து. மேலே பெரிதாக இருந்த நான்கு எழுத்துகள் 'போரில் நற்பேறு நீடிக்கட்டும்' என்று பொருள்படும் வழக்கமான வாழ்த்து என்பதைப் பிற்பாடு அறிந்தேன். வலது ஓரத்தில் பெட்டியின் கீல் பட்டுப் பிறை வடிவத்தில் ஒரு துருக்கறை படிந்திருந்தது. அது எங்கள் வீட்டில் நேர்ந்த குறை என்பதால் எனக்கு வருத்தம் உண்டு.

வீட்டுப் பொருள்களைப் பங்கு பிரித்தபோது, காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பக்கத்திலிருந்து வந்த பழம்பொருள் வியாபாரி ஒருவர், வெளிநாட்டில் இதற்கு ஏலம் உண்டு, கையெழுத்து கூடினால் விலையும் கூடும் என்றார். மரத்தூணையும் பீங்கானையும் விற்ற குடும்பம்தான் எங்களுடையது. அதில் எனக்குக் குறை இல்லை. ஆனால் ஒரு தாய் தன் மகனுக்காக ஊரெல்லாம் போய் வாங்கிய கையெழுத்துகளுக்கு எண்ணிக்கைப்படி விலை பேசுவதை என்னால் கேட்டுக்கொண்டு நிற்க முடியவில்லை.

ஓபோன் சொசைட்டியை 2009இல் தொடங்கியவர்கள் ரெக்ஸ் ஜியாக், கெய்கோ ஜியாக் தம்பதியர். கெய்கோவின் தாத்தா போர்க்காலத்தில் பர்மாவில் மறைந்தவர். அவருடைய கொடி 2007இல் குடும்பத்துக்குத் திரும்பக் கிடைத்ததே இந்த முயற்சிக்கு வித்து. முன்னோர் வீடு திரும்புவதாக நம்பி ஜப்பானியர் விளக்கேற்றி வரவேற்கும் நாள்களின் பெயர் ஓபோன். படைப்பு வீட்டில் முன்னோருக்குப் புதுச் சேலையும் வேட்டியும் வைத்துப் படைக்கும் நமக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. அந்தப் போரில் கடல் கடந்து இறந்த ஜப்பானியர் ஏறத்தாழ 24 லட்சம் பேர். அவர்களுள் 11 லட்சத்துக்கும் மேற்பட்டோரின் எலும்புகள் இன்னும் தாய்நாடு சேரவில்லை. பல வீடுகளுக்கு அரசு அனுப்பிய பெட்டிக்குள் ஒரு கல்லோ பெயர் எழுதிய தாளோ மட்டுமே இருந்தது. அத்தகைய வீட்டுக்கு இந்தத் துணி வெறும் நினைவுப்பொருள் அன்று. மகனே வந்து சேர்ந்தது போன்றது.

சேவையைப் பற்றிச் சொன்னால், கொடுப்பவரிடமும் பெறுபவரிடமும் அவர்கள் கட்டணம் வாங்குவதில்லை. முதலில் படங்களை அனுப்பினேன். கொடிகளில் பெரும்பாலும் பெயர்கள்தான் இருக்கும், முகவரி இராது. அதனால் கோயில், பள்ளி, தொழிற்சாலை போன்ற சிறு குறிப்புகளைக் கொண்டுதான் ஊரைக் கண்டறிய வேண்டும். ஜப்பானிலுள்ள ஆய்வாளர்கள் அதைச் செய்கிறார்கள். உறவினர் கிடைத்தாலும் உடனே அனுப்பிவிடாமல், பெற்றுக்கொள்ள விருப்பமா என்று அவர்களிடம் முதலில் கேட்டார்கள். நான் மிகவும் மதிப்பது இந்த ஒன்றைத்தான். துக்கத்தை மறந்து வாழும் ஒரு வீட்டின் கதவை முன்னறிவிப்பின்றித் தட்டுவதற்கு நமக்கு உரிமை இல்லை.

ஒன்றரை ஆண்டு காத்திருந்தேன். அவசரப்படுபவர்களுக்கு இது நீண்ட காலமாகத் தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சிரமம் நேர்ந்தது உள்ளூரில்தான். பொதி அனுப்பும் நிறுவனம் ஒன்றில் உறையை இரண்டாக மடித்துப் பைக்குள் திணிக்கப் பார்த்தார்கள். திருப்பி வாங்கிக்கொண்டு அஞ்சலகத்தில் பதிவு செய்து அனுப்பினேன். இப்படிப்பட்ட துணி வைத்திருப்பவர்கள் தயவுசெய்து அதைத் துவைக்க வேண்டாம், இஸ்திரி போட வேண்டாம்; ஈரம் பட்டால் மை கரையக்கூடும். பகல் வெளிச்சத்தில் இரண்டு பக்கமும் படம் எடுங்கள், ஓரத்திலுள்ள சிறு எழுத்துகளையும் முத்திரைகளையும் தனித்தனியாக எடுங்கள். எங்கே, யாரிடம், எந்த ஆண்டில் கிடைத்தது என்பதைப் பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள்.

எங்கள் கொடிக்கு உரியவர் திருமணமாகாமலே போனவர். பெற்றுக்கொண்டவர் அவருடைய தம்பி மகன். பெரியப்பாவைப் படத்தில் மட்டுமே பார்த்தவர். அவர் அனுப்பிய நிழற்படம் சென்ற மாதம் வந்தது. வீட்டு வழிபாட்டு மாடத்தின் முன் கொடி விரிக்கப்பட்டிருக்கிறது. பக்கத்தில் சீருடை அணிந்த இளைஞனின் படமும் ஒரு கிண்ணம் சோறும் இருக்கின்றன. வலது ஓரத்தில் எங்கள் பெட்டியின் துருக்கறை அப்படியே தெரிகிறது. அப்பச்சியிடம் (என் தந்தையிடம்) காட்டினேன், அவர்கள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, அந்தக் கறை இருந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தார்கள்.