நீதிமன்ற வளாகத்து இலவச சட்ட உதவி: நம்பிப் போகலாமா?

ஏழைகளுக்கு மட்டும்தான் என்று நினைத்தே பலர் இந்த வாசலை மிதிப்பதில்லை. 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்தின் 12ஆம் பிரிவைப் படித்தால் தெரியும்: பெண்கள், குழந்தைகள், எஸ்.சி., எஸ்.டி. பிரிவினர், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்பவர்கள் என யாருக்கும் வருமான வரம்பு கிடையாது. ஐ.டி.யில் வேலை பார்க்கும் பெண்ணும் ஜீவனாம்ச வழக்குக்கு இங்கே வக்கீல் கேட்கலாம். வரம்பு பார்ப்பது மற்றவர்களுக்குத்தான். அவர்களுக்கும் வருமானத்தைச் சொல்லும் பிரமாண வாக்குமூலமே (அஃபிடவிட்) பொதுவாகப் போதும். அது தெரியாமல் வருமானச் சான்றிதழுக்காகத் தாசில்தார் ஆபீஸுக்கு அலைகிறவர்கள் நிறைய.

அரசமைப்பின் முகப்புரை முதலில் சொல்வதே சமூக, பொருளாதார, அரசியல் நீதியைத்தான். அதைக் கைக்கு எட்டும் சேவையாக்க, இலவச சட்ட உதவி தரச் சொல்லும் 39ஏ உறுப்பு 1976இல் வந்தது. ஆனால் அது அரசுக்கான வழிகாட்டு நெறி. அதை மட்டும் காட்டி வழக்குப் போட முடியாது. 1979இல், பீகார் விசாரணைக் கைதிகளுக்கான ஹுசைனாரா கத்தூன் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை உயிர்வாழும் உரிமை, தனிமனிதச் சுதந்திரம் பற்றிய 21ஆம் உறுப்போடு முடிச்சுப் போட்ட பிறகே இதற்குப் பல் முளைத்தது. 1987இல் சட்டம் இயற்றியும் 1995 நவம்பர் 9 வரை நடைமுறைக்கு வராமல் கிடந்தது வேறு கதை.

மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவிலோ வட்டக் குழுவிலோ மனு கொடுங்கள். எழுதத் தெரியாவிட்டால் வாயால் சொன்னால் அவர்களே எழுதிக்கொள்வார்கள். மனு எண்ணைக் கேட்டு வாங்குங்கள். 7 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். கோர்ட் கட்டணம், தட்டச்சு, நகல் செலவு எல்லாம் அவர்கள் பொறுப்பு. தொலைபேசியில் விசாரிக்க 15100.

ஆணைக்குழு தன் பட்டியலிலிருந்து ஒதுக்கும் பேனல் வக்கீல்தான் பலவீனமான இடம். அரசு தரும் கட்டணம் குறைவு என்பதால் வாய்தா நீளும்; 'டைப்பிங் செலவு' என்று சிலர் கை நீட்டுவதும் உண்டு. கட்சிக்காரரிடம் ஒரு ரூபாய்கூட வாங்க அவர்களுக்கு உரிமையில்லை. எழுத்தில் புகார் கொடுத்து வக்கீலை மாற்றச் சொல்லுங்கள்.

வழக்கைச் சமரசமாக முடிக்கும் மக்கள் நீதிமன்றத்துக்கு (லோக் அதாலத்) அனுப்பினால் மட்டும் கவனம். அங்கே கையெழுத்திட்ட சமரசத்துக்கு மேல்முறையீடே கிடையாது. கட்டிய கோர்ட் கட்டணம் திரும்பக் கிடைக்கும் என்பதற்காக விபத்து இழப்பீட்டைக் குறைத்துக்கொள்ள வேண்டாம். தொகை, கெடு, தவணை மூன்றும் எழுத்தில் இருக்கிறதா என்று பார்த்த பிறகு பேனாவை எடுங்கள். பிடிக்கவில்லையா, 'சம்மதமில்லை' என்றால் போதும். வழக்கு பழைய கோர்ட்டுக்கே திரும்பிவிடும்.