அத்திவாரத்தைக் காப்பது பூச்சா, வடிகாலா, பீலியா?

ஒக்டோபரில் தொடங்கி சனவரி வரை நீளும் மாரி மழையில் சுவரின் அடி ஊறி, உப்புப் பூத்து, சாந்து உதிரத் தொடங்கியதும் திருகோணமலையில் பலர் முதலில் நாடுவது நீர்த்தடுப்புப் பூச்சையே. வேலை விரைவில் முடிந்துவிடும் என்பதே அதன் கவர்ச்சி. ஆனால் மண்ணிலிருந்து வரும் ஈரம் உட்புறப் பூச்சைப் பின்னாலிருந்து தள்ளுவதால் அது கொப்புளித்து உரிந்துவிடும். வெளிப்புறத் தார்ப்பூச்சை அதே நீர் சுவரோடு அழுத்துவதால் அது நிலைத்து நிற்கும்; எனினும் அதற்காக அத்திவாரத்தைச் சுற்றித் தோண்ட வேண்டும். உப்புவெளி, நிலாவெளி போன்ற மணற்பாங்கான இடங்களில் ஒரு பக்கம் முழுவதையும் ஒரே நேரத்தில் திறந்துவிட்டால், அத்திவாரத்தைத் தாங்கும் மணலே சரிந்துவிடக்கூடும். அடியிலிருந்து மேலேறும் ஈரத்தை எந்தப் பக்கப் பூச்சும் நிறுத்தாது. அதற்கு வீடு கட்டும்போதே அத்திவாரத்துக்கும் சுவருக்கும் இடையில் ஈரத்தடுப்புப் படை இட்டிருக்க வேண்டும்.

துளையிட்ட குழாயைச் சல்லிக்கற்களுக்கு நடுவே புதைக்கும் நிலத்தடி வடிகால் இதைவிட ஆழமான தீர்வு. 10 மீற்றருக்கு 10 சென்ரிமீற்றர் சரிவு போதும். மணல் நிலத்தில், நீரை விட்டு மண்ணைத் தடுக்கும் வடிதுணியைச் சுற்றாமல் இதை அமைப்பது ஆபத்தானது: நுண்மணல் நீரோடு குழாய்க்குள் கழுவப்பட்டு, அத்திவாரத்தின் கீழ் வெற்றிடம் உண்டாகும். தம்பலகாமத்து வயலோரக் களிமண்ணில் நீர் குழாயை வந்தடைவதே மெதுவாகத்தான். வடிந்த நீர் சென்று சேரத் தாழ்வான இடமும் வேண்டும். மழைக்காலத்தில் வாய்க்கால் நிரம்பிவிட்டால் நீர் குழாய்வழியே திரும்பிவரும்.

கூரை விளிம்பில் மழைநீரை ஏந்தும் பீலியையும், சுவரைச் சுற்றி நிலத்தைச் சரிவாக அமைப்பதையும் சில்லறை வேலை என்று ஒதுக்குவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. 100 சதுர மீற்றர் கூரையில் 50 மில்லிமீற்றர் மழை பெய்தால் 5,000 லீற்றர் நீர் இறங்குகிறது. பீலி இல்லாத வீட்டில் அத்தனையும் சுவரடியிலேயே விழுந்து, மணலை அரித்து, களிமண்ணை உப்பச் செய்கிறது; கோடையில் அந்தக் களிமண் சுருங்கும்போது சுவர் வெடிக்கிறது. சுவரிலிருந்து 3 மீற்றர் தூரத்துக்குள் 15 சென்ரிமீற்றர் தாழுமாறு நிலத்தைச் சரித்து, பீலி நீரை அயல் வளவுக்குள் விடாமல் வடிகாலில் சேர்ப்பதையே நான் முதலில் பரிந்துரைப்பேன். அதன் பின்னும் ஈரம் நின்றால் நிலத்தடி வடிகாலையும், தோண்ட வேண்டிய தேவை எப்படியும் வந்தால் அப்போது வெளிப்புறப் பூச்சையும் கருதலாம்.

கிண்ணியாவின் களப்போரம்போல நிலத்தடி நீரே மேலெழும் தாழ்நிலங்களில் இந்த வரிசை போதாது. அங்கே புதிதாகக் கட்டுவோர், பூச்சுக்கு ஒதுக்கும் பணத்தை வீட்டுத் தளத்தை உயர்த்துவதில் செலவிடுவதே நல்லது.