தினமும் தாண்டிப்போன வாசல்: பாளையில் மூன்று வருடம், அபிஷேகப்பட்டியில் இரண்டு வருடம்

ஆலங்குளத்தில் பஸ் ஏறி திருநெல்வேலிக்குப் போனால், சீதபற்பநல்லூர் தாண்டி அபிஷேகப்பட்டி வரும். மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் அங்கேதான் இருக்கிறது. 2014 முதல் 2017 வரை பி.எஸ்சி. இயற்பியல் படித்த மூன்று வருடமும் அந்த வாசலைத் தினமும் இரண்டு தடவை பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே போனேன். என் கல்லூரி பாளையங்கோட்டையில் இருந்தது. பெயர் வேண்டாம். அப்புறம் எம்.எஸ்சி.க்கு அதே வாசலில் இறங்கினேன். இரண்டு பட்டத்திலும் ஒரே பல்கலைக்கழகத்தின் பெயர்தான் அச்சாகியிருக்கிறது. ஆனால் இரண்டு இடத்திலும் நான் படித்த விதம் வேறு வேறு.

கல்லூரி சேரும் பிள்ளைகளும் அவர்கள் வீட்டாரும் என்னிடம் கேட்பது, "யுனிவர்சிட்டி எப்படிம்மா, நல்லா நடத்துவாங்களா?" என்றுதான். 1990இல் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்திலிருந்து பிரிந்து வந்தது இது. நெல்லை, தென்காசி, தூத்துக்குடி, கன்னியாகுமரி மாவட்டக் கல்லூரிகள் இதன் கீழ் வருகின்றன. பட்டம் வாங்கும் பிள்ளைகளில் பெரும்பாலானோர் அபிஷேகப்பட்டி வளாகத்துக்குள் ஒரு வகுப்பில்கூட உட்கார்ந்திருக்க மாட்டார்கள். அவர்கள் படிப்பது இணைப்புக் கல்லூரிகளில். அதனால் 'வகுப்பில் எத்தனை பேர்' என்று கேட்டால் ஒரே பதில் கிடையாது. எந்தக் கல்லூரி, எந்தத் துறை, எய்டடா (அரசு உதவி பெறுவது), செல்ஃப் பைனான்ஸா (சுயநிதி) என்று பார்த்துத்தான் சொல்ல முடியும்.

எங்கள் பி.எஸ்சி. வகுப்பில் 58 பேர். பொதுத்தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் இன்னொரு மேஜர் பிள்ளைகளையும் எங்களோடு சேர்த்து உட்கார வைப்பார்கள். நூறு பேருக்கு மேல் இருப்போம். மைக் கிடையாது. மின்விசிறி சத்தத்தில் ஐந்தாவது பெஞ்சுக்கு மேல் குரல் எட்டாது. அட்டெண்டன்ஸ் எடுத்து முடிக்கவே பத்து நிமிடம் போய்விடும். நடத்தியவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். தொண்டை கட்டிப்போய், கையில் சுக்குக் கஷாய பிளாஸ்கோடு வந்து பாடம் எடுத்த மேடத்தை நான் பார்த்திருக்கிறேன். "டவுட் இருக்கா?" என்று அவர் கேட்கும்போது 58 பேரும் வாய் திறக்க மாட்டோம். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்த என்னைப் போன்றவர்களுக்குச் சந்தேகம் இல்லாமல் இல்லை. அத்தனை பேர் முன்னால் அதை எந்த மொழியில், எப்படிக் கேட்பது என்றுதான் தெரியவில்லை.

எனக்குப் பெரிய இழப்பு லேபில்தான். நிறமாலைமானி சோதனை என்று ஒன்று உண்டு. சோடியம் விளக்கின் மஞ்சள் வெளிச்சத்தை முப்பட்டகம் வழியாக அனுப்பி, அது எவ்வளவு விலகுகிறது என்று தொலைநோக்கியில் பார்த்துக் கோணம் எடுக்க வேண்டும். ஒரு கருவிக்கு நான்கு பேர் நின்றோம். ஒருத்தி முப்பட்டக மேடையைத் திருப்புவாள், ஒருத்தி தொலைநோக்கியில் கண் வைப்பாள், ஒருத்தி லென்ஸ் பிடித்து வெர்னியர் என்கிற நுண்ணிய அளவுகோலை வாசிப்பாள். "ஏட்டி, உன் எழுத்துதான் முத்து முத்தா இருக்கு, நீ எழுது" என்று நோட்டை என்னிடம் கொடுத்துவிட்டார்கள். முதல் செமஸ்டரில் எழுத ஆரம்பித்தவள், மூன்று வருடமும் எழுதிக்கொண்டேதான் இருந்தேன். ரெக்கார்டு நோட்டில் எல்லாச் சோதனைக்கும் கையெழுத்து வாங்கிவிட்டேன். பிராக்டிகல் பரீட்சையில்கூட எனக்கு விழுந்தது ஒரு மின்சுற்றுச் சோதனை, அது தெரிந்ததாக அமைந்ததால் தப்பித்தேன். மதிப்பெண் நல்ல மதிப்பெண்தான்.

பெரிய வகுப்பு தந்ததையும் சொல்ல வேண்டும். சுரண்டை, முக்கூடல், ஏரல், திசையன்விளை என்று எல்லா ஊரிலும் எனக்கு இன்று ஒரு தோழி இருக்கிறாள். செமஸ்டர் நேரத்தில் கல்லூரி வேப்பமரத்தடியில் பத்துப் பதினைந்து பேர் உட்காருவோம். வகுப்பில் புரியாத வெப்ப இயக்கவியலை ஏரல்காரி ஒருத்தி தமிழில் அரைமணி நேரத்தில் புரிய வைத்துவிடுவாள். எனக்கு அரியர் விழாமல் இருந்ததற்கு அந்த மரத்தடிதான் காரணம்.

பல்கலைக்கழகத் துறையில் எங்கள் எம்.எஸ்சி. வகுப்பில் 22 பேர். முதல் வாரமே எல்லார் பெயரும் ஆசிரியர்களுக்குத் தெரிந்துவிட்டது. எந்த ஊரிலிருந்து வருகிறேன், எந்த பஸ் என்றுகூடத் தெரியும். முதல் லேப் நாளில் அதே நிறமாலைமானி முன்னால் என்னைத் தனியாக நிறுத்தினார்கள். எனக்குக் கை ஓடவில்லை. எந்தத் திருகைத் தொடுவது என்றே தெரியாமல் பத்து நிமிடம் நின்றேன். சார் பக்கத்தில் வந்தார். "இதுக்கு முன்னாடி தொட்டிருக்கியாம்மா?" என்று கேட்டார். "எழுதியிருக்கேன் சார்" என்றேன். அவர் திட்டவில்லை. கருவியை ஜன்னல் பக்கம் திருப்பி வைத்து, "முதல்ல தூரத்துல இருக்கதப் பாரு" என்றார். வெளியே பொட்டலில் ஒரு பனைமரம் நின்றது. தொலைநோக்கியைத் திருகத் திருக, கலங்கலாக இருந்த அந்தப் பனை ஓலை ஓலையாகத் தெளிந்து, தலைகீழாகத் தொங்கியது.

அப்புறம் முப்பட்டகத்தை வைத்து மேடையைச் சன்னமாகத் திருப்பச் சொன்னார். மஞ்சள் கோடு ஒரு பக்கமாக நகர்ந்துகொண்டே வந்தது. ஒரு இடத்தில் நின்றது. நான் அதே திசையில்தான் திருப்பிக்கொண்டிருக்கிறேன், கோடு வந்த வழியே திரும்பிப் போக ஆரம்பித்தது. அந்தத் திருப்பம்தான் சிறும திசைமாற்றம், வெளிச்சம் மிகக் குறைவாக விலகும் இடம். மூன்று வருடமாக அதற்கான கோணத்தை நோட்டில் எழுதி, சூத்திரத்தில் போட்டு, ஒளிவிலகல் எண் ஒன்றரைக்கு மேல் கொஞ்சம் என்று விடையும் எழுதியிருக்கிறேன். கோடு திரும்புவதை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

சின்ன வகுப்பு சுகமானது என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். ஒளிந்துகொள்ள இடம் இருக்காது. ஒரு நாள் வரவில்லை என்றால் மறுநாள் முதல் கேள்வி உங்களுக்குத்தான். செமினார் சீக்கிரம் சீக்கிரம் சுற்றி வரும். எனக்கு முதல் செமினாரில் ஆங்கிலம் நாக்கில் ஒட்டவில்லை. பாதியில் தமிழில் சொல்லி முடித்தேன், விட்டுவிட்டார்கள். நான்காவது செமினாரில் முழுவதும் ஆங்கிலத்தில் பேசினேன். 58 பேர் வகுப்பில் அந்த நான்காவது வாய்ப்பு எனக்கு வந்தே இருக்காது. வெயிலும் ஆடிக் காற்றும் அந்தப் பொட்டலில் பழகத்தான் வேண்டும்.

அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை படித்த பெண்பிள்ளைகளுக்கு 2022 முதல் புதுமைப் பெண் திட்டத்தில் மேற்படிப்புக்கு மாதம் 1000 ரூபாய் வருகிறது. வீட்டில் பஸ் காசுக்கு யோசித்த என் காலத்தை நினைத்தால் அது பெரிய விஷயம். எந்தக் கல்லூரி என்று யோசிக்கும் பிள்ளைகள் கட்டடத்தையும் பெயரையும் பார்த்து முடிவு பண்ணிவிடாதீர்கள். விண்ணப்பம் வாங்கப் போகும் அன்று அங்கே படிக்கும் ஒரு அக்காவைப் பிடித்து, லேபில் ஒரு கருவிக்கு எத்தனை பேர் நிற்கிறீர்கள் என்று கேளுங்கள். நான்கு பேர் என்று சொன்னாலும் சேரலாம், தப்பில்லை. சேர்ந்த பிறகு நோட்டை மட்டும் கையில் வாங்கிவிடாதீர்கள்.

இப்போது ஒரு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் நடத்துகிறேன். பிளஸ் டூவில் 46 பிள்ளைகள். நிறமாலைமானி இரண்டுதான் இருக்கிறது. பிள்ளைகளைச் சின்னச் சின்ன பேட்சாகப் பிரித்து, மதியச் சாப்பாட்டு நேரத்திலும் லேபைத் திறந்து வைக்கிறேன். ஒவ்வொரு பேட்சிலும் அழகான கையெழுத்துள்ள ஒரு பிள்ளை நோட்டும் பேனாவுமாக ஓரத்தில் உட்கார்ந்திருக்கும். அந்தப் பிள்ளையைத்தான் முதலில் எழுப்பி, ஜன்னல் பக்கம் கூட்டிப்போகிறேன்.