மூன்று வருடம், 14,000 கி.மீ.: நல்ல கார்பன் ஃபிரேமும் அடங்காத பிபி சத்தமும்

செப்டம்பர் 22, 2025 முதல் சைக்கிளுக்கும் அதன் உதிரிபாகங்களுக்கும் ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாக இறங்கியது. வரிக்கு முந்தைய விலை 3 லட்சம் என்றால் வரி மட்டும் 36,000 ரூபாயிலிருந்து 15,000 ஆகிறது. அன்றிலிருந்து வேலூரில் காட்பாடி, சத்துவாச்சாரி பக்கத்து சைக்கிள் நண்பர்கள், மூன்று வருடமாக நான் ஓட்டும் கார்பன் ஃபிரேமைப் பற்றிக் கேட்பது ஒரே கேள்விதான்: “அதே ஃபிரேமை இப்ப வாங்கலாமா? வாங்கி நாமளே கட்டிக்கலாமா?” ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட மொத்தமாக எழுதிவிடுவது நல்லது.

ஃபிரேம் கம்பெனியின் பெயரைச் சொல்லப் போவதில்லை. இதே வகை ஷெல் (கிராங்க் அச்சு உட்காரும் குழாய்) உள்ள பல கம்பெனி ஃபிரேம்களுக்கும் இது பொருந்தும். மற்றவை: ஷிமானோ அல்டெக்ரா ஆர்8170 டிஐ2 மின்கியர், 50-34 பல் கிராங்க், 11-34 பல் கேசட் (பின்சக்கரப் பல்சக்கரத் தொகுதி), ஹூக் உள்ள கார்பன் ரிம், 30 மி.மீ. டியூப்லெஸ் டயர். பாட்டம் பிராக்கெட், அதாவது கிராங்க் அச்சு சுழலும் பேரிங் தொகுதி (சுருக்கமாக பிபி): பிபி86. கதையே இந்தக் கடைசிச் சொல்லில்தான் இருக்கிறது.

முதலில் நியாயமாகச் சொல்ல வேண்டியது: வண்டி அருமை. பொன்னேரியிலிருந்து ஏலகிரி ஏறும் 14 கொண்டை ஊசி வளைவுகளில் எழுந்து நின்று மிதித்தால், காலில் கொடுத்த பலம் அப்படியே பின்சக்கரத்துக்குப் போவது தெரியும். 34 பல்லுக்கு 34 பல் என்ற கடைசி கியர் இருப்பதால் மூச்சு வாங்காமல் வளைவுகளின் பெயர்ப் பலகைகளை வாசித்துக்கொண்டே ஏறலாம். இறங்கும்போது ஹைட்ராலிக் டிஸ்க் ஒரு விரலுக்கு அடங்குகிறது. பள்ளிகொண்டாவிலிருந்து வாலாஜா வரை நெடுஞ்சாலையின் கரடுமுரடான ஓரத்தில் இரண்டு மணி நேரம் ஓட்டினாலும் கை மரத்துப் போவதில்லை. இதையெல்லாம் மறுத்தால் பொய் சொன்னதாகிவிடும்.

இனி சத்தம்.

புதுத் தோல் செருப்பு போட்டு நடந்தால் ‘முறுக் முறுக்’ என்று வருமே, அதே சத்தம், ஒவ்வொரு மிதிக்கும் ஒரு தடவை. ஏற்றத்தில் கூடும். மார்கழி விடிகாலையில் இன்னும் கூடும். கார்பன் குழாய்கள் உள்ளே வெற்றாக இருப்பதால் தவில் போல அதைப் பெரிதாக்கிக் கொடுக்கின்றன. முதல் 1,900 கி.மீ. எதுவும் இல்லை. பிறகு தொடங்கியது. பிபியின் கப்பை (பேரிங் உறையை) கழற்றித் துடைத்து க்ரீஸ் தடவிப் போட்டதில் 350 கி.மீ. அமைதி. புதுக் கப் போட்டதில் 2,400. பசை போட்டதில் 4,100. கடைசியாக, உள்ளே ஒன்றோடொன்று மரை பூட்டும் அலுமினிய பிபி போட்டு 5,200 கி.மீ. ஆகிறது, இதுவரை வாய் திறக்கவில்லை.

சத்தம் வந்த உடனே பிபியைக் கழற்ற வேண்டாம். கார்பனில் சத்தம் எங்கே பிறக்கிறது, எங்கே கேட்கிறது என்பது வேறு வேறு. காசு செலவில்லாததிலிருந்து தொடங்குங்கள். உட்கார்ந்து மிதிக்கும்போது மட்டும் வந்தால் சீட், சீட் போஸ்ட். நின்று மிதித்தாலும் வந்தால் பெடலைக் கழற்றி மரையில் க்ரீஸ் வைத்து 35 நியூட்டன் மீட்டருக்குக் குறையாமல் இறுக்குங்கள். வேறு பெடல் போட்டும் பாருங்கள். அடுத்து பின்பக்க த்ரூ ஆக்சில் (சக்கரத்தை ஃபிரேமோடு பூட்டும் அச்சு): உருவித் துடைத்து மெல்லிய க்ரீஸ். பிறகு டிரெய்லியர் ஹேங்கர், அதாவது பின் கியர் மாற்றியை ஃபிரேமில் தாங்கும் சிறு துண்டு. அதைக் கழற்றி, ஃபிரேமைத் தொடும் முகத்தைத் துடைத்து, ஒரு பொட்டு க்ரீஸ். ‘பிபி போச்சு’ என்று தூக்கிக்கொண்டு வரும் வண்டிகளில் பல இந்த ஹேங்கரிலேயே அடங்கிவிடுகின்றன. அதன்பின் கேசட் லாக் ரிங், 40 நியூட்டன் மீட்டர். பிறகு கிராங்க்: முன்னிறுக்க மூடி 0.7 முதல் 1.5 நியூட்டன் மீட்டர், அதாவது விரலால் திருகுவது போலத்தான். இடது கை கிராங்கின் இரண்டு போல்ட்டும் மாற்றி மாற்றி 12 முதல் 14 வரை. முதல் போல்ட்டை ஒரேயடியாக முழுக்க இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால் பிடி ஒரு பக்கமாகச் சாயும். இத்தனைக்கும் அடங்காவிட்டால்தான் பிபி.

பிபி86 என்பது 86.5 மி.மீ. அகலம், 41 மி.மீ. உள்விட்டம் கொண்ட மரையில்லாத ஓட்டை. அதில் பிளாஸ்டிக் கப்பில் பொதிந்த பேரிங்கை அழுத்தி ஏற்றுகிறார்கள். ஃபிரேம் செய்பவருக்கு மரை வெட்டும் வேலை மிச்சம், எடையும் கொஞ்சம் குறைவு. ஓட்டை சரியான வட்டமாகவும், இரண்டு பக்க ஓட்டையும் ஒரே நேர்கோட்டிலும் இருந்தால் இதில் குறையே இல்லை. இல்லாவிட்டால் கப் ஒரு இடத்தில் நெருக்கமாகவும் இன்னொரு இடத்தில் தளர்ந்தும் உட்காரும். தளர்ந்த இடத்தில் ஒவ்வொரு மிதிக்கும் நூலிழை அளவு நகரும். அந்த நகர்வுதான் சத்தம். தூசி உள்ளே போனால் அதுவே உப்புத்தாள் போலத் தேய்க்கும்.

ஊர் வெயிலும் இதில் கை வைக்கிறது. கப்பின் பிளாஸ்டிக்கான நைலான் சூட்டில் விரிவது கார்பனைவிடப் பல மடங்கு. 41 மி.மீ. நைலான் வளையம் 18 டிகிரி விடிகாலைக்கும் 40 டிகிரி மதியத்துக்கும் நடுவே தன் போக்கில் சுமார் 0.07 மி.மீ. மாறும். ஓட்டை அந்த அளவுக்கு மாறாது. கத்திரி வெயிலில் கப் ஓட்டைக்குள் நெரிபடுகிறது. நெரிபட்ட பிளாஸ்டிக் நாளடைவில் அந்த அளவுக்கே பணிந்துவிடுகிறது. மார்கழிக் குளிரில் சுருங்கும்போது பிடிப்பு போய்விடுகிறது. மதியம் கடைக்காரர் ஓட்டிப் பார்த்து “சத்தமே இல்லையே சார்” என்று சொல்வதும், மறுநாள் காலை ஐந்து மணிக்கு அது திரும்ப வருவதும் இதனால்தான். அவர் பொய் சொல்லவில்லை. வண்டியை ராத்திரி கடையிலேயே விட்டு, விடிந்ததும் ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

பசை பற்றி ஒரு எச்சரிக்கை. லாக்டைட் 609, 641 போன்றவை காற்றில்லாத இடத்தில், உலோகம் தொட்டால் இறுகும் வகை. நைலான் கப், கார்பன் ஷெல் இரண்டிலும் உலோகம் இல்லை. ப்ரைமர் (பசையை இறுக வைக்கும் முன்பூச்சு) அடிக்காமல் ஊற்றினால் உள்ளே ஈரமாகவே கிடக்கும், சத்தமும் நிற்காது. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் பழைய க்ரீஸைச் சுத்தமாகத் துடைத்து, ப்ரைமர் தடவிக் காய விட்டு, மெல்லிய வளையமாகப் பசை வைத்து, பிரஸ்ஸால் ஏற்றி, 24 மணி நேரம் கிராங்க் பூட்டாமல் விட வேண்டும். பேரிங்குக்குள் ஒரு சொட்டு போனாலும் பேரிங் போச்சு. இரண்டில் 641 கொஞ்சம் மென்மையானது, பிறகு கழற்றலாம். சுத்தியலும் கட்டையும் வைத்துத் தட்டி ஏற்றும் வேலையே வேண்டாம். கப் கோணலாகப் போனால் கார்பன் ஓட்டையின் உதடு பிய்ந்துவிடும்.

பசையும் கைவிட்ட பிறகுதான் ஓட்டையை அளந்தது. அதை முதலிலேயே செய்திருக்க வேண்டும். ராணிப்பேட்டைப் பக்கம் நல்ல லேத் பட்டறைகளில் ஓட்டையின் உள்விட்டம் அளக்கும் டயல் போர் கேஜ் இருக்கும். செங்குத்தாக ஒன்று, கிடையாக ஒன்று, இரண்டு பக்கமும் சேர்த்து நான்கு அளவு எடுத்தால் போதும். இந்த ஃபிரேமில் வலப்பக்கம் சரி. இடப்பக்கத்தில் இரண்டு அளவுக்கும் நடுவே 0.08 மி.மீ. வித்தியாசம். பட்டறையில் நல்லெண்ணத்தோடு “லேசா தேச்சு வட்டமாக்கிடவா?” என்று கேட்பார்கள். கூடவே கூடாது. எடுத்த கார்பனைத் திரும்ப வைக்க முடியாது, வாரண்டியும் போய்விடும்.

அளவை எழுதி அனுப்பியபோது விற்ற இடத்திலிருந்து வந்த பதில் ஒரே வரி: அனுமதித்த அளவுக்குள்தான் இருக்கிறதாம். அனுமதித்த அளவு எவ்வளவு என்று கேட்டதற்குப் பதிலே இல்லை. லட்சங்களில் விலை வைக்கிற பொருளில் வட்டமாக இருக்க வேண்டிய ஒரே ஒரு ஓட்டை வட்டமாக இல்லை என்றால், அதற்குப் பெயர் குறைபாடு.

மரை பூட்டும் அலுமினிய பிபி இதைச் சமாளிக்கிறது. இரண்டு கப்பும் ஃபிரேமுக்குள் ஒன்றோடொன்று திருகிக்கொள்வதால் பிடிப்பு ஓட்டையின் வட்டத்தை நம்பி இல்லை. பக்கவாட்டிலிருந்து இழுத்து நிற்கிறது. ஆனால் அலுமினியமும் கார்பனும் வியர்வை உப்பில் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம் பூத்துப் போகும். நடுவில் க்ரீஸ் படலம் கட்டாயம். மழைக்காலம் முடிந்ததும் ஒரு தடவை கழற்றி ஓவராயில் செய்துவிடுங்கள்.

தனித்தனியாக வாங்கிக் கட்டுகிறவர்களுக்குச் சில. பிரேக் ஹோஸும் வயரும் டவுன் டியூபுக்குள் போகும் முன்பே நுரைக் குழாய் மாட்டிவிடுங்கள். பிறகு மாட்ட முடியாது. சர்வீஸ் ரோட்டு வேகத்தடை ஒவ்வொன்றிலும் உள்ளே தட்டும், அதையும் பிபி என்றே நினைப்பீர்கள். ஃபோர்க் தண்டு அறுக்கும் முன் எல்லா ஸ்பேசரும் போட்டு இரண்டு வாரமாவது ஓட்டுங்கள். அறுக்கும்போது டேப் சுற்றி, கார்பனுக்கான பிளேடு, தண்ணீர் தெளிப்பு, முகக் கவசம்; வெட்டு ஸ்டெம் (ஹேண்டில் பிடிக்கும் துண்டு) அல்லது மேல் ஸ்பேசரின் விளிம்புக்கு 2 முதல் 3 மி.மீ. கீழே. உள்ளே ஸ்டார் நட் அடிக்கவே கூடாது, விரியும் பிளக் மட்டும்தான். சீட் போஸ்டுக்கு க்ரீஸ் தடவாதீர்கள், கார்பன் பேஸ்ட். டார்க் ரெஞ்சில் ஃபிரேமில் அச்சடித்த எண்ணுக்கு ஒரு புள்ளி குறைவாகத் தொடங்கி, போஸ்ட் கீழே இறங்கினால் மட்டும் கூட்டுங்கள். ஹோஸ் ஹெட்செட் (ஹேண்டில் திரும்பும் பேரிங் தொகுதி) வழியாகப் போகும் ஃபிரேமில் மேல் பேரிங்தான் வியர்வையைக் குடிக்கும். அதை மாற்ற ஹோஸை அறுத்து, பிரேக்கில் மினரல் ஆயில் மாற்றிக் காற்று எடுக்க வேண்டும். அதனால் முதல் நாளே தாராளமாக க்ரீஸ் வையுங்கள்.

டயரைப் பற்றிச் சொல்லாமல் விட மனமில்லை, ஏனென்றால் எதிர்பாராத சந்தோஷம் அங்கேதான் கிடைத்தது. பாலாற்றங்கரை ஓரச் சாலைகளில் சீமைக்கருவேல முள்ளும் நெருஞ்சியும், நெடுஞ்சாலை ஓரத்தில் லாரி டயர் வெடித்துச் சிதறிய மெல்லிய கம்பியும் ட்யூப் டயருக்கு எமன். 30 மி.மீ. டியூப்லெஸ்ஸில் 72 கிலோ எடைக்கு முன்னே 58, பின்னே 62 பிஎஸ்ஐ வைத்து ஓட்டியதில், நடுவழியில் நிறுத்திய பஞ்சர் மூன்று வருடத்தில் ஒன்றே ஒன்று. அதுவும் ஓட்டையில் ரப்பர் திரி குத்தி ஐந்து நிமிடத்தில் முடிந்தது. முள் தைத்தால் வழியில் பிடுங்காதீர்கள், வீட்டுக்கு வந்து பிடுங்குங்கள். டயருக்குள் ஊற்றும் ஓட்டை அடைக்கும் திரவத்தை மட்டும் நம்ம ஊர் கணக்கில் பாருங்கள்: டப்பாவில் போட்ட மாதக் கணக்கு குளிர் நாட்டுக்கு. இங்கே சித்திரை, வைகாசியில் ஐந்து வாரத்தில் வற்றிவிடுகிறது. டயருக்கு 40 மி.லி., வால்வு கோரையும் சேர்த்துத் துடையுங்கள்.

இப்போது தீர்ப்பு. ஏறுகிறது, இறங்குகிறது, கை வலிக்கவில்லை, பஞ்சர் இல்லை, இப்போது சத்தமும் இல்லை. ஆனாலும் இந்த ஃபிரேமை வாங்காதீர்கள். ஜிஎஸ்டி குறைந்தாலும் வேண்டாம். மரை உள்ள ஷெல்லாகப் பாருங்கள்: பழைய பிஎஸ்ஏ ஆனாலும் சரி, டி47 ஆனாலும் சரி. நூறு கிராம் கூடினால் கூடட்டும். பிஎஸ்ஏவில் செயின் பக்கக் கப் இடப்பக்கமாக, வழக்கத்துக்கு எதிராகத் திருப்பினால்தான் இறுகும் என்பதை நினைவில் வைத்தால் காந்தி நகரில் எந்த வீட்டு வாசலிலும் உட்கார்ந்து மாற்றிவிடலாம். மரையில்லாமல் அழுத்தி ஏற்றும் பிரஸ்ஃபிட்தான் பிடித்திருக்கிறது என்றால், ஷெல்லின் நான்கு அளவையும் எழுத்தில் வாங்கிக்கொண்டு முன்பணம் கொடுங்கள்.

இந்த ஃபிரேம் பொங்கலுக்குப் பிறகு விற்பனைக்கு வருகிறது. அலுமினிய பிபியோடு சேர்த்தேதான் தரப்படும். இடப்பக்க அளவு எழுதிய பட்டறைச் சீட்டும் கூடவே வரும். ஓட்டிப் பார்க்க வருகிறவர்கள் மதியம் வர வேண்டாம். காலை ஐந்து மணிக்கு வாருங்கள்.