சிலோசைபினா, எம்.டி.எம்.ஏ.யா, கெட்டமைனா: எந்தப் பயிற்சிக்குப் போவது?

உப்புவெளியில் சந்தித்த தாதிய உத்தியோகத்தர் ஒருவர், "சைக்கெடெலிக் மருந்தோடு செய்கிற உளச்சிகிச்சையைப் படிக்கப் போறன், எந்தப் பயிற்சிநெறி நல்லது அக்கா?" என்று கேட்டார். யுத்தமும் சுனாமியும் பார்த்த திருகோணமலை மாவட்டத்தில் இந்த ஆசை வருவது நியாயம்தான். சிலவகைக் காளானில் உள்ள சிலோசைபின், ஆய்வுகூடத்தில் செய்யும் எம்.டி.எம்.ஏ., கெட்டமைன் போல, கொஞ்ச நேரம் உணர்வையும் நினைப்பையும் மாற்றும் மருந்தைக் கொடுத்து, கூடவே பேசிச் செய்யும் சிகிச்சை இது.

அமெரிக்காவின் ஓரிகன் மாநில வழி குறுகியது. 120 மணித்தியாலப் படிப்பு, 40 மணித்தியாலச் செய்முறை. வைத்தியப் பட்டமோ தாதியர் பதிவோ இல்லாமலே சிலோசைபின் அமர்வு நடத்தலாம். ஆனால் அந்த அனுமதிப்பத்திரம் ஓரிகனுக்கு வெளியே செல்லாது. இலங்கையில் சிலோசைபினும் எம்.டி.எம்.ஏ.யும் தடைசெய்யப்பட்டவை. காசு கொடுத்து அதற்குப் போக நான் சொல்லமாட்டேன்.

எம்.டி.எம்.ஏ. வழி ஆழமானது. மனவடுவுக்கான சோதனைகளில் ஒரு நோயாளிக்கு இரண்டு சிகிச்சையாளர்கள். 3 ஆயத்த அமர்வுகள், எட்டு மணித்தியாலம் நீளும் 3 மருந்து அமர்வுகள், அப்புறம் வந்ததையெல்லாம் பேசித் தெளிய 9 அமர்வுகள். அவுஸ்திரேலியாவில் 2023 ஜூலை முதல் அங்கீகாரம் பெற்ற மனநல வைத்தியர்கள் மட்டும் இந்த மருந்தை எழுதிக்கொடுக்கலாம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2024 ஆகஸ்டில் இதற்கு அனுமதி மறுத்துவிட்டது. கனடாவில் நடந்த ஒரு சோதனையில், மருந்தின் பிடியில் இருந்த பெண்ணிடம் சிகிச்சையாளர்களே எல்லை மீறினார்கள். அதனால் எந்தப் பயிற்சிநெறியிலும் நான் முதலில் தேடுவது தொடுகை பற்றிய பாடத்தையும், மூத்தவர் ஒருவர் நம் அமர்வைப் பார்த்துத் திருத்தும் ஏற்பாட்டையும்தான். இணையத்தில் மட்டும் நடக்கும் வகுப்பில் இரண்டாவது கிடைப்பது கஷ்டம்.

கெட்டமைன் மட்டும் நமக்கு அந்நியமில்லை, சத்திரசிகிச்சைக் கூடத்தில் மயக்கமருந்தாகத் தெரிந்ததுதான். மனச்சோர்வுக்குக் குறைந்த அளவில் சுமார் 40 நிமிடம் ஏற்றுவார்கள். சில மணித்தியாலத்தில் மனம் இலேசாகும், சில நாளில் பழையபடி திரும்பக்கூடும். இரத்த அழுத்தத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்பதால் அதில் பயிற்சி பெற்ற வைத்தியர் இல்லாமல் தொடக்கூடாது.

சரி, நான் எதைச் சொன்னேன்? மருந்தே இல்லாத ஒன்றை. சுனாமிக்குச் சில வாரங்களில், வடகிழக்கில் மனவடுவுற்ற 31 பிள்ளைகளில் ஒரு பகுதியினருக்கு 6 அமர்வுகளில், தமக்கு நடந்ததைத் தாமே கதையாகச் சொல்லவைக்கும் கதைசொல்லல் சிகிச்சை செய்யப்பட்டது. மற்றவர்களுக்குத் தியானமும் தளர்வுப் பயிற்சியும். செய்தவர்கள் உள்ளூரில் பயிற்சி பெற்ற ஆலோசகர்கள். இரு குழுவிலும் பிள்ளைகள் தேறினார்கள்.

ஆலோசனைப் பணியில் என் முதல் வருடத்தில் சம்பூர்த் தாய் ஒருவர் பேச்சை நிறுத்தி யன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் தண்ணீர்க் கோப்பையை நீட்டப் போனேன். பின்னால் இருந்த மேற்பார்வையாளர் மெல்லத் தலையசைத்துத் தடுத்தார். பதினொரு நிமிடம் கழித்து அம்மா மகனின் பெயரைச் சொன்னார். எட்டு மணித்தியால அமர்வில் சிகிச்சையாளர் செய்வதும் பெரும்பாலும் இந்தக் காத்திருப்புதான். அதைத் தமிழில், நம்மவர்களோடு, மேற்பார்வையில் இரண்டு வருடம் பழகிவிட்டு வாருங்கள் தங்கச்சி, அப்புறம் அவுஸ்திரேலியப் பயிற்சிநெறிகளை நாம் இரண்டு பேருமாகப் பார்ப்போம் என்றேன்.