போட்டோஸ்டாட் கடை மேசையிலிருந்து: அரசாங்கச் செயலிகளோடு சில ஆண்டுகள்

மலேசியாவின் தென் பேராக்கில், செம்பனைத் தோட்டங்கள் சூழ்ந்த ஒரு சின்ன டவுனில் நான் போட்டோஸ்டாட் கடை நடத்துகிறேன். அரசாங்கம் இயங்கலையில் எதைத் தொடங்கினாலும் அது ஓரிரு நாளில் என் மேசைக்கு வந்துவிடும். 2012-இல் பிரிம் உதவித்தொகை வந்தபோது காகிதப் பாரம்தான். ஐசி எனும் அடையாள அட்டையை நகல் எடுத்து, பாரத்தை நிரப்பி, கையெழுத்து வாங்கினால் வேலை முடிந்தது. அதே ஆட்கள் இன்று திறன்பேசியை நீட்டி, "ஏம்மா, இதுல என்னமோ வந்திருக்கு, பாத்துச் சொல்லும்மா" என்கிறார்கள். அதனால் என் அனுபவத்தோடு அவர்களுடைய அனுபவமும் இதில் கலந்தே இருக்கும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மக்களிடம் சொல்வதில் நம் அரசாங்கம் நன்றாகத் தேறிவிட்டது. மக்கள் சொல்வதைக் கேட்பதில் இன்னும் தேறவில்லை.

சொல்வதில் தேறியது கொரோனா காலத்தில். 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியதும் தேசியப் பாதுகாப்பு மன்றத்தின் குறுஞ்செய்தி எல்லார் கைப்பேசிக்கும் வந்தது. சுகாதாரத் தலைமை இயக்குநர் நோர் ஹிஷாம் அப்துல்லாவின் செய்தியாளர் சந்திப்பை முகநூல் நேரலையில் பார்ப்பது பல வீடுகளில் வழக்கமாகிப் போனது. ஒரே முகம், அன்றைய எண்ணிக்கை, பதற்றமில்லாத பேச்சு. மலாய் அரைகுறையாகத் தெரிந்தவர்களும் உட்கார்ந்து பார்த்தார்கள்.

கொரோனாவுக்காக வந்த மைசெஜாத்ரா செயலியில் பிரச்சினை வேறு மாதிரி. 2021-இல் தடுப்பூசித் தேதி அந்தச் செயலி வழியாக வந்தது. தோட்டத்துப் பெரியவர்கள் பலர் பிள்ளைகளின் கணக்கில் சேர்க்கப்பட்டிருந்தார்கள். பிள்ளை வேலை பார்ப்பது ஜொகூரிலோ சிங்கப்பூரிலோ; அம்மாவுக்கான தேதி அங்கே அவன் கைப்பேசிக்குப் போய்விடும். இரவு வேலை முடிந்து தூங்கி எழுந்து அவன் பார்த்து, ஊருக்குப் போன் போட்டுச் சொல்வதற்குள் நேரம் நெருங்கிவிடும். அதே ஆண்டு மே 2-இல் கோலாலம்பூர், சிலாங்கூர் மக்களுக்கு அஸ்ட்ராசெனக்கா முன்பதிவைத் திறந்தபோது 2,68,600 இடங்கள் ஏறக்குறைய 3 மணி நேரத்தில் தீர்ந்தன. கையில் நல்ல போனும் வேகமான இணையமும் இருப்பவர்களுக்கு அந்த முறை எவ்வளவு தோதானது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். இல்லாதவர்கள் அந்த வரிசையிலேயே நிற்கவில்லை.

பாடு தரவுத்தளத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். பொருளாதார அமைச்சர் ரஃபிஸி ரம்லி காலத்தில் 2024 ஜனவரி 2-இல் தொடங்கி, மார்ச் 31 வரை பதிவு செய்யச் சொன்னார்கள். உதவித்தொகையும் மானியமும் சரியான ஆளுக்குப் போய்ச் சேர வேண்டும் என்பது நோக்கம். அதில் எனக்கு முழு உடன்பாடு. தொடங்கிய வேகத்தில் பாதுகாப்பு ஓட்டை ஒன்றை முன்னாள் துணையமைச்சர் ஓங் கியான் மிங் பொதுவில் சுட்டிக்காட்ட, அதைச் சரிசெய்தார்கள். பெயர் தெரிந்த ஒருவர் சமூக ஊடகத்தில் சொன்னால் வேலை நடக்கிறது என்பதை அப்போது கவனித்தேன்.

எங்கள் சிக்கல் அடையாளச் சரிபார்ப்பில். ஐசியின் முன்பக்கம், பின்பக்கம், அப்புறம் உங்கள் முகம். பால்மரம் வெட்டி ஓய்ந்த ஒரு பாட்டி வந்தார். ஐசி படத்தில் கன்னம் நிறைந்த நடுவயதுப் பெண். எதிரே ஒடுங்கிப்போன முகம். கடைக்குள் விளக்கு வெளிச்சம் அட்டையில் பட்டு எழுத்து வெளுத்தது. பாட்டியை அஞ்சடிக்கு, அதாவது கடை முன் நடைபாதைக்குக் கூட்டிப்போய் நிழலில் உட்கார வைத்து, கண்ணாடியைக் கழற்றச் சொல்லி, நரை முடியைப் பின்னால் ஒதுக்கி, அவர் பேரனின் பழைய போனில் எடுத்தோம். "சிரிக்கலாமா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். ஒருவழியாக ஏற்றுக்கொண்டது. அடுத்து மாத வருமானம் எவ்வளவு என்ற கட்டம். சில நாள் வடை சுட்டு விற்கிறார், சில நாள் இல்லை. மகனுக்குச் செம்பனைக் குலை வெட்டும் வேலை, காய்ப்பைப் பொறுத்துக் கூலி. இவர்களுடைய ஆண்டு முழுவதையும் ஒரே எண்ணாகச் சுருக்கச் சொல்கிறது அந்தக் கட்டம். நல்ல மாதத்தை எழுதினால் உதவி போய்விடுமோ என்ற பயம் அவர் கண்ணில் தெரிந்தது. அந்தப் பயத்துக்குப் பதில் சொல்ல அங்கே ஆள் இல்லை.

இதற்கு நேர்மாறாகப் பிடித்தவையும் உண்டு. சாலைப் போக்குவரத்து இலாகாவின் மைஜேபிஜே செயலியில் லைசென்ஸ், சாலை வரி எல்லாம் கைப்பேசியிலேயே காட்டலாம். 2023 பிப்ரவரியிலிருந்து சொந்தக் காருக்கு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டிய கட்டாயமும் இல்லை. குறை சொல்ல ஒன்றுமில்லை. 2025 செப்டம்பர் 30-இல் பூடி95 பெட்ரோல் மானியம் எல்லாருக்கும் வந்தபோது என் கடையில் கூட்டமே இல்லை. பதிவு என்று ஒன்று இருந்தால்தானே? குடிமகனா, செல்லுபடியாகும் லைசென்ஸ் இருக்கிறதா என்று அவர்களே பார்த்துக்கொண்டார்கள். மைகார்டை, அதாவது ஐசியைச் செருகினால் அப்போது லிட்டர் 1.99 வெள்ளி (ரிங்கிட்), மாதம் 300 லிட்டர் வரை. அட்டையின் சில்லு கெட்டுப்போனவர்கள் மட்டும்தான் என்னிடம் வந்தார்கள். 18 வயது நிரம்பிய எல்லாருக்கும் அதே ஆண்டு ஆகஸ்ட் 31-இல் வந்த, பொருள் வாங்குவதற்கான 100 வெள்ளி சாரா உதவியும் அப்படித்தான். முதல் சில நாள் கணினி திணறியது, பிறகு சரியாகிவிட்டது. போனே இல்லாத தாத்தா மினிமார்க்கெட்டில் ஐசியைக் கொடுத்து அரிசியும் எண்ணெயும் எடுத்துக்கொண்டு போனார். இத்தனை ஆண்டில் வந்தவற்றில் எங்கள் ஊருக்கு இதுதான் சிறந்தது என்று அடித்துச் சொல்வேன்.

இனி, கேட்கும் பக்கம்.

அரசாங்க அலுவலகங்களின் முகநூல் பக்கங்களைத் திறந்தால் விழாப் படங்கள் நிறைய இருக்கும். கீழே ஒருவர் அடைத்துக்கொண்ட லோங்காங்கின் (சாக்கடையின்) படத்தைப் போடுவார். 'சிலா பிஎம்', அதாவது தனிச்செய்தி அனுப்புங்கள் என்று ஒரு வரி பதில் வரும். தனிச்செய்தி அனுப்பினால் அதோடு சரி. ஆகவே கருத்துப் பெட்டியில் புகார் எழுதுவதை நான் விட்டுவிட்டேன். புகார் எண் தரும் முறைகளை மட்டும் பயன்படுத்துகிறேன். பொதுப்பணி அமைச்சின் மைஜாலான் செயலி 2023-இல் வந்தது. குழியைப் படம் எடுத்து, வரைபடத்தில் இடத்தைக் குறித்து அனுப்பலாம். டவுனுக்கு வரும் பெரிய ரோட்டில் மோட்டார் சைக்கிள்கள் சறுக்கிக்கொண்டிருந்த ஒரு குழியை அப்படி அனுப்பினேன். ஒட்டுப்போட்டார்கள். மழைக்காலம் தாண்டியும் அது நிற்கிறது.

ஆனால் அந்த ரோட்டிலிருந்து தோட்டத்துக்குள் திரும்பும் செம்மண் பாதையைப் பற்றி ஓர் அலுவலகத்துக்கு இயங்கலையில் புகார் அனுப்பியபோது, எங்கள் அதிகாரத்துக்கு உட்பட்டதல்ல என்று மூடிவிட்டார்கள். சட்டப்படி அது சரிதான். தோட்டத்தின் உள்ரோடு தனியார் நிலம். பள்ளி வேன் அதில்தான் போகிறது, ஆம்புலன்ஸ் அதில்தான் வர வேண்டும். இருந்தும் செயலியின் வரைபடத்தில் அது யாருடைய ரோடும் இல்லை. வரி கட்டுகிற, ஓட்டுப் போடுகிற குடும்பங்கள் அங்கே இருக்கும்போது, 'இது எங்களுடையதல்ல' என்பதோடு நிறுத்தாமல் 'இன்னாரிடம் போங்கள்' என்று ஒரு வரி சேர்த்திருக்கலாம். என் பெரிய மனத்தாங்கல் இதுதான்.

போலி இணைப்புகளும் ஒரு தொல்லை. உதவித்தொகை அறிவிப்பு வரும்போதெல்லாம் புலனக் (வாட்ஸ்அப்) குழுக்களில் 'இங்கே அழுத்துங்கள்' என்று வந்து விழும். கடைச் சுவரில் இரண்டு விஷயம் பெரிய எழுத்தில் ஒட்டியிருக்கிறேன்: முகவரி ஜிஓவி புள்ளி எம்ஒய் என்று முடிகிறதா பாருங்கள், பணம் போய்விட்டால் உடனே மோசடிப் புகார் எண் 997-ஐக் கூப்பிடுங்கள்.

மொழியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். என்னிடம் வரும் முதியவர்களில் பலருக்கு மலாய் பேச வரும், படிக்க வராது. சிலருக்குத் தமிழும் படிக்க வராது. ஆனால் காது இருக்கிறது. மின்னல் எஃப்எம் தமிழ் வானொலியில் சொன்னதை வரி பிசகாமல் சொல்வார்கள். அமைச்சுகளின் ஒவ்வோர் அறிவிப்போடும் ஒரு நிமிடத் தமிழ்க் குரல்பதிவையும் புலனத்தில் அனுப்பினால் என் கடைக்கு வரும் கூட்டம் பாதியாகக் குறையும். குறையட்டும், எனக்குச் சந்தோஷம்தான்.

அதுவரைக்கும் தோட்டத்து வீடுகளின் புகாரை நான் கையாளும் விதம் இது. லயத்து வீடு, குடிநீர், கழிப்பறை, வீட்டைச் சுற்றிய கால்வாய் என்றால் தொழிலாளர் குடியிருப்பு வசதிகளுக்கான 1990-ஆம் ஆண்டின் 446-ஆவது சட்டம் இருக்கிறது. அது தொழிலாளர் இலாகாவின் பொறுப்பு. மனிதவள அமைச்சராக எம். சரவணன் இருந்தபோது 2021-இல் தொடங்கிய ஒர்க்கிங் ஃபார் ஒர்க்கர்ஸ் செயலியில் தொழிலாளர் புகார்களைப் பதியலாம். ரோடு என்றால் தேதியோடு படம், பாதிக்கப்பட்டவர்களின் கையெழுத்து, ஒரு கடிதம். தோட்ட நிர்வாகத்துக்கு ஒரு பிரதி, சட்டமன்ற உறுப்பினர் அலுவலகத்துக்கு ஒரு பிரதி. இரண்டிலும் பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்காமல் திரும்ப வேண்டாம் என்று சொல்லி அனுப்புகிறேன். அந்தக் கடிதத்துக்கு மட்டும் போட்டோஸ்டாட் காசு வாங்குவதில்லை.